மைதானத்தில் என் பெயர்

கொட்டாஞ்சேனை
2024 பெப்ரவரி 18

றெக்ஸன் தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய மாசிக் கருவாட்டுப் பார்சலைத் திருப்பி அனுப்புகிறேன். பிரிக்கவில்லை. இஸ்ஸதீன் நாநா வாசலில் நின்று சிரிக்கிறார். "மாலைதீவில இருந்து மாசி கொண்டு வாற ஆக்களத்தான் கண்டிருக்கிறன் தங்கச்சி. இங்க இருந்து மாலைதீவுக்கு மாசி கொண்டு போற மொத ஆள் நான்தான்" என்கிறார். அவருக்கென்ன, அங்குள்ள நோயாளிகளைக் கொழும்புக்குக் கூட்டி வந்து காட்டுகிற தொழில், எந்த நாளும் பறப்புதான். இந்தக் கடிதத்தையும் பார்சலுக்கு மேல் ஒட்டிக் கொடுக்கிறேன்.

போன் எடுக்க வேண்டாம். எடுத்தால் வைத்துவிடுவேன். உங்களுடைய குரல் உங்கள் அண்ணனின் குரல். போனில் அண்ணன் எது தம்பி எது என்று எனக்கு ஒருநாளும் பிடிபட்டதில்லை. அவர் இருந்தபோது அது வீட்டில் பெரிய சிரிப்பு. இப்போது இல்லை. சொல்ல ஏதும் இருந்தால் எழுதுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவேன்.

எனக்குச் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கொலன்னாவையில் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் உங்கள் அண்ணன் டன்ஸ்டன் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். இருந்தவர் எழும்பவில்லை. அடுத்த நாள் நீங்கள் வந்துவிடுவீர்கள் என்று சொல்லி, பங்குச் சுவாமியிடம் கெஞ்சி அடக்கப் பூசையைப் பின்னேரத்துக்குத் தள்ளினேன். பெட்டியை மூடும்போதும் வாசலைத்தான் பார்த்தேன். நீங்கள் வரவில்லை. மாலேயில் புட்போல் மட்ச் விளையாடினீர்கள். ஊரே பேஸ்புக்கில் பார்த்தது. சவக்காலையில் இருந்து வந்து நாங்கள் கால் கழுவுகிற நேரத்தில் போன் எடுத்தீர்கள். எடுத்து, அண்ணி என்று சொல்லவில்லை. "ஜீனா" என்றீர்கள்.

ஊருக்கு நான் யூஜினா. ஜீனா என்று கூப்பிட்டது அவர் ஒருவர்தான். அவரை மண்ணுக்குள் விட்டுவிட்டு வந்த அன்றைக்கே அந்தப் பெயரை எடுத்து உங்கள் வாயில் போட்டுக்கொண்டீர்கள். "இனிமேல் உன்ர வாயால என்ர பேரைச் சொல்லாத" என்று சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன்.

நேற்றுக் கனவில் வந்தார். குசினியில், அடுப்புக்கு முன்னால், பூட்ஸோடு நின்றார். பூட்ஸ் நிறையத் தண்ணீர். நடக்க நடக்க நிலத்தில் சின்னச் சின்னக் குளமாக நின்றது, அதில் வெளிச்சம் ஆடியது. "தம்பி சாப்பிட்டானா" என்று கேட்டார். நான் சோற்றுச் சட்டியை மூடினேன். கனவிலும் எனக்கு உங்கள் மேல் கோபம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணனின் பெண்சாதி


மாலே
2024 மார்ச் 3

அண்ணி,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். என்னைப் போய்.

பதினாறு வயதில் மன்னாரில் இருந்து ஒரு பையோடு வந்தவனிடம் முதல் நாளே "கையைக் கழுவினியாடா" என்று கேட்டவர் நீங்கள். நாலு ஏச்சு ஏசி எழுதியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

மாசியை ரூமில் உள்ள பொடியள் தேங்காயோடு பிசைந்து சாப்பிட்டுவிட்டார்கள். கொழும்பு மாசி நல்ல ருசி என்கிறார்கள். இங்கிருந்து போனது என்று நான் சொல்லவில்லை.

உறையில் உங்கள் பெயரை எழுதாமல் "டன்ஸ்டன் வீடு" என்று எழுதியிருக்கிறேன். எழுதுவதும் சொல்வது மாதிரித்தானே. அந்தப் பெயரைப் பற்றித்தான் ஒன்று சொல்ல வேண்டும். கேட்பதற்கு இல்லை, சொல்வதற்குத்தான்.

பின்வரிசையில் நாங்கள் நாலு பேர் நிற்போம். எதிர்ப்பக்கக்காரன் எங்களோடு ஒட்டிக்கொண்டு நிற்பான், தனக்குப் பந்து வந்ததும் கோலுக்கு ஓட. அவனுக்குப் பந்து அடிபடுகிற அந்த நொடிக்குச் சற்று முன்னால் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக முன்னுக்கு வந்துவிட்டால், அவன் மட்டும் எங்களுக்குப் பின்னால் அநாதையாக நிற்பான். நாங்கள் கையைத் தூக்கிக் காட்டுவோம், லைன்ஸ்மன் கொடியைத் தூக்குவார். அதுதான் ஓப்சைட். ஒருவன் பிந்தினால் முடிந்தது, கோல். அதனால் எப்போது வருவது என்று ஒரு வாய்தான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லில் சொல்ல வேண்டும்.

கொட்டாஞ்சேனையில் நாங்கள் விளையாடிய காலத்தில் அந்த வாய் அண்ணனுடையது. "மேல வா" என்றால் எதிர்ப்பக்கக்காரனுக்கும் விளங்கும். சிங்களத்தில் சொன்னாலும் விளங்கும். பின்னேரப் பயிற்சியில் நீங்கள் சோற்றுக்குக் கூப்பிட அகப்பையோடு மைதானச் சுவரடிக்கு வருவது தெரிந்தால் அண்ணன் "ஜீனா!" என்று சொல்லிவிட்டு, பந்தை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். பொடியளுக்குச் சிரிப்பு. அவர் ஒருநாள், "சரி, சிரிச்சது போதும். இனி ஜீனா எண்டால் எல்லாரும் ஓடுறது. மட்சிலயும் அதுதான்" என்றார். அன்றில் இருந்து அதுதான் எங்களுடைய சொல்.

இங்கே வந்த பிறகு நான் சொல்கிறவன் ஆனேன். எனக்கு வலப்பக்கம் விளையாடுகிற கானா நாட்டுக்காரன் குவாமேக்குத் தெரிந்த ஒரே தமிழ் அது. ஜீனா யார் என்று யாராவது கேட்டால் "எங்கள் பொஸ்" என்பான்.

நீங்கள் சொன்ன அன்றில் இருந்து நான் அதைச் சொல்வதில்லை. "அப்" என்று கத்திப் பார்த்தேன். இந்த ஊர்த் திவெஹிப் பாஷையில் ஒரு சொல் கத்திப் பார்த்தேன். வாய் கத்துகிறது, என் காலுக்கே அது கேட்கவில்லை. பிறகு எப்படி மற்றவர்களுக்குக் கேட்கும். கோல் கோலாக விழுகிறது. "உனக்கு என்ன, ஊமையாகிவிட்டாயா" என்று கோச் கேட்கிறார். ஜூனில் ஒப்பந்தம் முடிகிறது. இருபத்தொன்பது வயது டிபெண்டர், அதுவும் வாய் திறக்காதவன், அவனை எவரும் எடுக்கமாட்டார்கள்.

உங்கள் சொல்லை நான் மீறப்போவதில்லை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன்.

றெக்ஸன்


வெள்ளவத்தை
2024 மார்ச் 25

றெக்ஸனுக்கு,

கனகேஸ்வரி அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்கிற வேலைக்கு நான் வரத் தொடங்கியபோது உங்கள் அண்ணன், "பல்கனியில நிண்டு கடல் பாக்கிறதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களா" என்று கேட்டார். அந்தப் பல்கனியில் இருந்துதான் எழுதுகிறேன். கீழே ரயில் போகும்போதெல்லாம் அலுமாரிக்குள் கண்ணாடிக் கிளாஸ்கள் ஒன்றோடொன்று பேசுகின்றன. அது நின்றதும் கடல் பேசுகிறது. இந்த நேரத்தில் நான் நித்திரையா விழிப்பா என்று எனக்கே தெரிவதில்லை.

உங்கள் கடிதத்தைக் கோட்டையில் ரயில் ஏறித்தான் பிரித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தால் இறங்க வேண்டிய இடம் தாண்டித் தெஹிவளை. இறங்கித் திரும்பி பஸ்ஸில் வந்தேன்.

பஸ்ஸில்தான் அந்த ஓப்சைட் எனக்கு விளங்கியது. "இஸ்ஸரஹட யன்ன, இஸ்ஸரஹட யன்ன" என்று கண்டக்டர் சிங்களத்தில் ஒரு சத்தம் போட, நாங்கள் எல்லோரும் முன்னுக்கு நகர்ந்துவிட்டோம். படியில் தொங்கிய ஒருவர் மட்டும் நகராமல் தனியே நின்றார். அவரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் அண்ணன் போன பிறகு சிரித்தது அதுதான் முதல். சிரித்த பிறகு கோபம் வந்தது.

ஏன் தெரியுமா? சுவரடிக்கு நான் போய் நிற்பேன். "ஜீனா!" என்று சத்தம் வரும். என்னைக் கண்டுவிட்டார் என்று நான் கையை ஆட்டுவேன். அவரும் கையைத் தூக்குவார். நீயும் தூக்குவாய். மட்ச் நாளிலும் அப்படித்தான். இவ்வளவு சனத்துக்குள்ளும், பந்து காலடியில் கிடக்கும்போதும் மனுசனுக்கு என் நினைப்பு என்று பக்கத்தில் நின்ற மெற்றில்டா அக்காவிடம் பெருமையடித்திருக்கிறேன். "உனக்கு வாய்ச்ச மனுசன் போல ஆருக்கு வாய்க்கும்" என்று அவர் பெருமூச்சு விடுவார். அவருடைய மனுசன் வீட்டுக்குள்ளேயே அவரைக் காணாதவர்.

இப்போது நீ எழுதுகிறாய், அது ஓப்சைட் என்று. கொடி தூக்குகிறவரைப் பார்த்துத் தூக்கிய கைக்குத்தான் இவ்வளவு காலமும் நான் கை ஆட்டியிருக்கிறேன். செத்துப்போன மனுசனிடம் இருந்து எனக்கு மிச்சமாக இருந்தது என்ன? ஒரு சேர்ட், ஒரு சோடி பூட்ஸ், அந்தக் கை. அந்தக் கையையும் நீ எடுத்துவிட்டாய்.

முந்தாநாள் கனவில் அவர் இந்தக் கடலுக்குள் நின்றார். முழங்கால் அளவு தண்ணீர். முதுகுதான் தெரிந்தது. கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எனக்கா, வேறு எவருக்குமா என்று தெரியவில்லை. முன்னால் போய்ப் பார்க்கலாம் என்றால் அலை விடவில்லை.

பெயர் பெயர் என்று எழுதுகிறாய். எனக்கு முதலில் ஒன்று தெரிய வேண்டும். நீ ஏன் வரவில்லை? க்ளப் விடவில்லை என்று மெற்றில்டா அக்கா சொல்கிறார். டிக்கட் இல்லை என்று இஸ்ஸதீன் நாநா சொல்கிறார். உனக்காக எல்லோரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள். நீ சொல்லவில்லை. அதைச் சொல். பெயரை விடுவதா இல்லையா என்று பிறகு பார்க்கிறேன்.

அண்ணி


மாலே
2024 ஏப்ரல் 12

அண்ணி,

எழுதி எழுதிக் கிழித்தேன். அதனால்தான் சுணக்கம்.

க்ளப் என்னைத் தடுக்கவில்லை. அவர்களே டிக்கட் எடுத்துப் பாஸ்போர்ட்டையும் கையில் தந்தார்கள். மற்றவர்கள் மேல் பழியைப் போட்டால் எனக்கு லேசாக இருக்கும். ஆனால் அப்படி இல்லை.

நான் எயார்போர்ட்டுக்குப் போனேன். இங்கே அது தனித் தீவு, சுற்றிவரக் கடல். வெளியே கல்லில் பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். தண்ணீரின் நிறம் கண்ணாடி மாதிரி. லைட் வெளிச்சத்தில் கீழே மீன் போவது தெரிந்தது. கொழும்பு பிளேனுக்குக் கூப்பிட்டார்கள். எழும்ப வேண்டும் என்று தெரிந்தது. எழும்பவில்லை.

அண்ணன் ஒருநாளும் படுத்து அடிக்கமாட்டார், உங்களுக்குத் தெரியாது. மற்ற டிபெண்டர்கள் சறுக்கிக்கொண்டு போய்ப் பந்தை எடுப்பார்கள், சனம் கைதட்டும். எனக்கும் அது ஆசை. நான் சறுக்கினால் பின்னாலேயே வந்து பிடரியில் ஒன்று போடுவார். "டிபெண்டர் நிலத்தில கிடந்தால் அவன்ர வேலை முடிஞ்சுது. நிண்டு விளையாடடா." அவருடைய சேர்ட்டில் மண் பட்டு நான் கண்டதில்லை. நீங்கள்தான் தோய்த்தீர்கள், கண்டிருப்பீர்கள்.

அந்த மனுசனைப் படுத்தபடி பார்க்க எனக்கு முடியாது அண்ணி. அதுதான் காரணம். வேறு இல்லை. பிளேன் போனதை அண்ணாந்து பார்த்தேன். விடியும்வரை அந்தக் கல்லிலேயே இருந்துவிட்டு, பாலத்தால் பஸ் எடுத்து நேரே மைதானத்துக்குப் போய்ப் பூட்ஸ் கேட்டேன். கோச் என்னைப் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன்.

அன்றைக்கு நான் விளையாடிய மாதிரி முன்பும் விளையாடவில்லை, இனியும் விளையாடமாட்டேன். நான் கத்த முதலே வலப்பக்கத்தில் அண்ணன் அரை அடி முன்னுக்கு நிற்கிறார். கொட்டாஞ்சேனையிலும் சொல் வர முதலே அவர் கால் போய்விடும். அன்றைக்கும் நான் "ஜீனா" என்பேன், அவர் ஏற்கெனவே போயிருப்பார். நான் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தால் நிற்பார் என்று தெரிந்தது. முழுப் பின்னேரமும் நிற்கவைத்தேன். ஒரு கோலும் விழவில்லை. விசில் ஊதியதும் கை கொடுக்கத் திரும்பினேன். குவாமே நின்றான். அவனுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், அவன் அழுதுகொண்டு நின்றான்.

அதன் பிறகுதான் எனக்கு அண்ணன் செத்தார். உடுப்பு மாற்றுகிற இடத்தில் போய் உங்களுக்குப் போன் எடுத்தேன். அண்ணி என்றுதான் சொல்ல வந்தேன். அந்தப் பின்னேரம் முழுவதும் ஒரே சொல்லைச் சொன்ன வாய், அதையே சொல்லிவிட்டது. அவ்வளவுதான். மரியாதைக் கேடாகச் சொல்லவில்லை.

இன்னும் ஒன்று. கையைப் பற்றி எழுதியிருந்தீர்கள்.

நாங்கள் தோற்ற பைனல் நினைவிருக்கிறதா? நீங்கள் நீலச் சாறியோடு பிந்தி வந்த நாள். பந்து நடுவில் கிடக்கிறது, எங்கள் பக்கம் வரவே இல்லை. அண்ணன் திடீரென்று "ஜீனா!" என்றார். சொல் கேட்டதும் நாங்கள் மூன்று பேரும் முன்னுக்குப் பாய்ந்துவிட்டோம். அவர் மட்டும் நின்ற இடத்தில் சுவரைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார், வாயெல்லாம் பல். பின்னால் பெரிய வெளி. பந்து வந்தது, ஒருவன் ஓடினான், கோல். நீங்கள் சுவரடியில் கையை ஆட்டிக்கொண்டிருந்தீர்கள்.

பிறகு எல்லோரும் அவரைக் கிழித்தார்கள். "லைன்ஸ்மன்ர பிழை" என்று சாதித்தார். பஸ்ஸில் எனக்கு மட்டும் சொன்னார்: "என்னடா செய்யிறது, அவ வந்திட்டா." அந்தக் கப் எங்களுக்குக் கிடைக்காததற்கு நீங்கள்தான் காரணம் அண்ணி. இதை உங்களுக்குச் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்.

அடுத்து வருகிற இரண்டு மட்சும் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகக் கோச் சொல்லிவிட்டார். முடிவு எனக்குத் தெரியும். ஜூனில் வருகிறேன். துறைமுகப் பக்கம் ஏதும் வேலை பார்க்கலாம். நீங்கள் மனம் வருந்த வேண்டாம்.

றெக்ஸன்


கொட்டாஞ்சேனை
2024 மே 5

றெக்ஸன்,

வெள்ளிக்கிழமை மட்ச் பார்த்தேன்.

கனகேஸ்வரி அம்மாவின் மகன் கனடாவில் இருந்து அனுப்பிய டெப் ஒன்று இருக்கிறது, சிலேட்டு மாதிரிப் பெரிய போன். தேவாரமும் நாடகமும் பார்க்கிற டெப். அதைக் கேட்டு வாங்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் நான் வாய் திறந்ததும் அவரே தேடிப் பிடித்துச் சுவரில் சாத்தி வைத்துவிட்டு, எனக்குப் பக்கத்தில் கால் நீட்டி இருந்துகொண்டார். "ஆர் உன்ர மனுசன்ர தம்பி? உந்த நெட்டையனோ?" என்றார். "ஓம் அம்மா" என்றேன். "ஆள் வடிவுதான். ஏன் உம்மெண்டு நிக்கிறான்?"

நீ மெலிந்துவிட்டாய். கன்னத்து எலும்பு தெரிகிறது. அங்கே மீனைத் தவிர வேறு ஒன்றும் தருவதில்லையா?

அந்தக் கோல் விழ முதல் நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வருகிறது. உன் கை பாதி எழும்பியது. வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது. ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் உன் குவாமே உன் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். பந்து உங்கள் இரண்டு பேருக்கும் நடுவால் போய்விட்டது.

"உந்தப் பிள்ளை என்ன, கொட்டாவி விடுறானே?" என்று கனகேஸ்வரி அம்மா கேட்டார்.

நான் எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு வந்த கனவைச் சொல்கிறேன். மைதானத்துக்குள் நான் நிற்கிறேன், கையில் அகப்பை. அவர் சுவருக்கு வெளியே நிற்கிறார். புல் எல்லாம் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி மெதுவாக ஆடுகிறது. அவர் என்னைப் பார்த்து வாயைத் திறக்கிறார், உன்னைப் போலவே. சத்தம் இல்லை. கூப்பிட்டால் போய்விடுவேன், அவர் கூப்பிடவில்லை, அதனால் என் கால் நகரவில்லை. நீ எழுதியது எனக்கு அப்போதுதான் விளங்கியது. காலுக்குக் கேட்க வேண்டும்.

நீ வராததற்கு நான் இன்னும் கோபம்தான். அதை மறைக்கமாட்டேன். அவர் படுத்திருந்ததை நான் பார்த்தேன். நான் பார்க்கவில்லையா? எனக்கு மட்டும் முடிந்ததா? நீ பக்கத்தில் நின்றிருந்தால் இரண்டு பேருமாகப் பார்த்திருக்கலாம். அதை நேரில் ஏசுவேன். அதற்காகவும் நீ வர வேண்டும்.

ஆனால் பெயர் விஷயம் வேறு. அன்றைக்கு நான் எழுதியது முழு உண்மை இல்லை. அவர் கூப்பிட்ட பெயரை எடுத்து உன் வாயில் போட்டுக்கொண்டாய் என்றெல்லாம் எழுதினேன். அது இல்லை. அன்றைக்குக் கால் கழுவிவிட்டுப் போனை எடுத்தேன். "ஜீனா" என்று அவருடைய குரல் கேட்டது. எனக்கு ஒன்றும் நினைவில் இல்லை, பெட்டி நினைவில் இல்லை, குழி நினைவில் இல்லை. "எங்க நிக்கிறீங்க, சோறு ஆறுது" என்று கேட்டேன். உனக்கு நினைவிருக்கும். நீ ஒன்றும் பேசாமல் நின்றாய். எனக்கு அவர் செத்தது அந்தப் பேசாமல் நின்ற நேரத்தில்தான். அதற்குப் பிறகுதான் நான் உன்னைக் கிழித்தது. அந்தக் குரலில் அந்தப் பெயரை இன்னொரு முறை கேட்டால் இன்னொரு முறை அவரைச் சாகக் கொடுக்க வேண்டும் என்று பயந்தேன்.

நீலச் சாறிக் கதையை மெற்றில்டா அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "பைத்தியக்காரன், கப்பையெல்லோ விட்டிட்டான்" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். அந்தச் சாறியை நேற்று எடுத்துப் பார்த்தேன். கரை கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கட்டலாம்.

சொல்லடா. என் பெயரைச் சொல். எனக்குக் கேட்கிற மாதிரிக் கத்திச் சொல். அடுத்த மட்சும் நான் அந்த டெப்புக்கு முன்னால்தான் இருப்பேன்.

நல்லாகச் சாப்பிடு.

அண்ணி


மாலே
2024 மே 21

அண்ணி,

இஸ்ஸதீன் நாநா கடிதத்தை மைதானத்துக்கே கொண்டு வந்து தந்தார். "போன்ல ரெண்டு நிமிசத்தில முடியிற கதெக்கி என்னெப் போட்டு ஓட்டுறீங்களே வாப்பா" என்று புறுபுறுத்துக்கொண்டு, நான் வாசித்து முடிக்கும்வரை வெயிலில் நின்றார். முடித்ததும் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் போத்தலை நீட்டினார்.

குவாமேயிடம், பொஸ் ஓம் என்று சொல்லிவிட்டார் என்றேன். அவன் என்னைத் தூக்கிவிட்டான்.

பயிற்சியில் சொல்லிப் பார்க்கவில்லை. பயமாக இருக்கிறது. வாயைத் திறந்து, வராமல் போனால்?

அடுத்த மட்ச் வெள்ளிக்கிழமை பின்னேரம். உறையில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன். கொஞ்சம் கோணல்.

றெக்ஸன்


வெள்ளவத்தை
2024 மே 25

றெக்ஸன்,

இஸ்ஸதீன் நாநா நாளைக்குப் பறக்கிறாராம், அதனால் அவசரமாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நீலச் சாறி கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தேன். "கோயிலுக்கோ?" என்று கனகேஸ்வரி அம்மா கேட்டார். "மட்சுக்கு" என்றேன். அவர் தன்னுடைய கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

தொடங்கிக் கன நேரம் நீ பேசவே இல்லை. ஓடினாய், தலையால் அடித்தாய், ஒருவனுடைய சேர்ட்டையும் இழுத்தாய், கண்டேன். வாய் மட்டும் திறக்கவில்லை. "இண்டைக்கும் கொட்டாவிதான் போல" என்றார் அம்மா. நான் டெப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். வெளியே வெயில் சாய்ந்து கடல் முழுக்கத் தகடாக மினுங்கியது. அந்த மினுக்கம் டெப்பின் கண்ணாடியில் பட்டு நீ எங்கே நிற்கிறாய் என்றே தெரியவில்லை. வெள்ளையாக ஏதோ அசைகிறது, அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துக் கீழே ரயில் வந்தது. வீடு அதிர்ந்தது. அலுமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுத்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது, இந்த ரயிலுக்குள் நீ சொல்லிவிட்டால் எனக்குக் கேட்காமல் போய்விடுமே என்று. காதை அந்தக் கண்ணாடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். ரயில் தெஹிவளைப் பக்கம் தேய்ந்து தேய்ந்து போனது. கிளாஸ்கள் நின்றன. கடல்கூட ஒரு மூச்சு நின்ற மாதிரி இருந்தது.

"ஜீனா!"

தம்பி, அது உன் குரல்தான். எனக்குத் தெரியும். அவருடைய குரலும்தான். இரண்டும் தெரிந்தது, இரண்டும் ஒன்றாகத் தெரிந்தது, நான் சாகவில்லை. அவரும் திரும்பச் சாகவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிடுகிற மாதிரி இருந்தது, சோற்றுக்கு நேரமாகிவிட்ட மாதிரி.

நான் எழும்பி நின்றேன். டெப் மடியில் இருந்து பாயில் விழுந்தது. "வாறன்!" என்று சொல்லிவிட்டேன், பெரிய சத்தமாக. கை தானாக மேலே போனது. கீழே குனிந்து பார்த்தால், பாயில் கிடந்த அந்தச் சின்னக் கண்ணாடிக்குள் நீயும் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாய். எதிர்ப்பக்கக்காரன் தனியே நிற்கிறான், பஸ் படியில் நின்றவரைப் போல. கொடி எழும்பியது.

கனகேஸ்வரி அம்மா என்னைப் பார்த்தார். டெப்பைப் பார்த்தார். அவருக்கு இந்த மட்ச் எல்லாம் பார்த்துப் பார்த்து விளங்கிவிட்டது.

"எடி பிள்ளை, உது ஓப்சைட்டெல்லோ" என்றார்.

"ஓம் அம்மா. அதுவும்தான்" என்றேன்.

அதற்குப் பிறகு நீ எத்தனை முறை கத்தினாய் என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு முறைக்கும் நான் கை ஆட்டினேன். அம்மாவும் ஒருமுறை ஆட்டினார். முடிவில் உன் கோச் வந்து உன் முதுகில் ஓங்கி ஒன்று போட்டதைக் கண்டேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுத வேண்டாம், வாயால் சொல்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து வீட்டில் இருப்பேன். போன் எடு. எடுத்தவுடன் கதைக்காதே, ஒரு மூச்சு பொறு. பிறகு அண்ணி என்று சொல். சோறு ஆறுகிறது என்று நான் ஏதும் உளறினால் பேசாமல் நிற்காதே. "வாறன்" என்று சொல்.

மாசி இல்லாமல் சம்பல் வாயில் வைக்க முடியவில்லை. நாநாவிடம் கொடுத்துவிடு.

ஜீனா